தியான் ஹொக் கெங்: சிங்கப்பூரின் கடலோரச் சீனக் கோயில் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஊரிலிருந்து சிங்கப்பூருக்கு வரும் உறவினர்களையும் நண்பர்களையும் நான் தவறாமல் தெலுக் ஆயர் தெருவுக்குக் கூட்டிப் போவேன். அங்கே இருக்கும் சீனக் கோயிலைப் பார்த்ததும் எல்லாரும் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். ஒவ்வொரு முறையும் நடந்துகொண்டே பாதிப் பாதியாகப் பதில் சொல்லி முடிப்பதைவிட, முழுசாக ஒரு தடவை எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

இது எந்தக் கோயில், எங்கே இருக்கிறது?

பெயர் தியான் ஹொக் கெங். ஹொக்கியன் மொழியில் 'வானுலக மகிழ்ச்சியின் அரண்மனை' என்று பொருள். மாண்டரினில் தியான்ஃபு கோங் என்பார்கள். தெலுக் ஆயர் தெரு, 158ஆம் எண். தெலுக் ஆயர் எம்ஆர்டி நிலையத்தில் இறங்கினால் சில நிமிட நடைதான். சீனாவின் ஃபூஜியன் மாநிலத்திலிருந்து வந்தவர்கள், அதாவது ஹொக்கியன் மக்கள், கடல் தெய்வமான மாட்சுவுக்காக 1839இல் கட்டத் தொடங்கி 1842இல் முடித்த கோயில் இது. சிங்கப்பூரிலுள்ள ஹொக்கியன் கோயில்களில் மிகப் பழையவற்றுள் ஒன்று. 1973இல் தேசிய நினைவுச்சின்னமாக அறிவித்தார்கள்.

கடல் தெய்வத்தின் கோயில் என்கிறீர்கள், சுற்றிலும் அலுவலகக் கட்டடங்கள்தானே இருக்கின்றன? கடல் எங்கே?

இதுதான் நான் எதிர்பார்க்கும் முதல் கேள்வி, யாராவது கேட்காவிட்டால் நானே எழுப்பிவிடுவேன்.

தெலுக் என்றால் மலாயில் வளைகுடா, ஆயர் என்றால் தண்ணீர். தெருவின் பெயரிலேயே கடல் இருக்கிறது. கோயில் கட்டிய காலத்தில் இந்தத் தெருதான் கரை. வாசலில் நின்றால் எதிரே அலை, அதில் நங்கூரமிட்ட பாய்மரக் கப்பல்கள். 1879 தொடங்கி 1880களின் பிற்பகுதி வரைக்கும் அருகிலிருந்த குன்றுகளை, குறிப்பாக வாலிக் குன்றை, வெட்டி அந்த மண்ணைக் கடலில் கொட்டி நிலமாக்கினார்கள். அப்படிக் கிடைத்த நிலத்தில்தான் இன்றைக்கு நீங்கள் பார்க்கும் வங்கிகளும் வானுயரக் கட்டடங்களும் நிற்கின்றன. கோயில் நகரவில்லை, கடல்தான் விலகிப் போனது.

இதை மனதில் வைத்துக்கொண்டு பார்த்தால்தான் கோயில் புரியும். பார்க்காவிட்டால், நகரத்துக்கு நடுவே அழகான பழைய கட்டடம் ஒன்று, டிராகன் சிலைகள், சிவப்பு விளக்குகள், இரண்டு படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடத் தோன்றும். வாசலுக்கு முதுகைக் காட்டி, தெருவைப் பார்த்து ஒரு நிமிடம் நின்று, எதிரே இருக்கும் கட்டடங்கள் எல்லாம் தண்ணீர் என்று நினைத்துப் பாருங்கள்.

கடல் அவ்வளவு முக்கியமா?

ஃபூஜியனிலிருந்து வருகிறவர்கள் வாடைக் காற்றை நம்பித்தான் கிளம்பியாக வேண்டும். வடகிழக்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் தென்சீனக் கடலில் இறங்கினால் வருடத் தொடக்கத்தில் சிங்கப்பூர் வந்து சேரலாம்; திரும்பிப் போக தென்மேற்குக் காற்று மாறும்வரை காத்திருக்க வேண்டும். 1819இல் ராஃபிள்ஸ் இங்கே ஆங்கிலேயக் குடியேற்றத்தை அமைத்து இரண்டே வருடத்தில், 1821 பிப்ரவரியில், ஃபூஜியனின் அமோய் துறைமுகத்திலிருந்து நேராக முதல் கப்பல் வந்துவிட்டது. நெரிசலான கப்பல், புயல், கொள்ளையர், நோய், குடிதண்ணீர்ப் பஞ்சம். கிளம்பிய எல்லாரும் வந்து சேர்ந்துவிடவில்லை.

உயிரோடு கரையில் கால் வைத்தவன் முதலில் என்ன செய்வான்? காப்பாற்றிக் கொண்டுவந்த தெய்வத்தைத் தேடுவான். 1820களின் தொடக்கத்திலேயே இதே கரையில் மாட்சுவுக்குச் சின்னதாக ஒரு கும்பிடும் இடம் இருந்தது. இறங்கினவுடன் நன்றி சொல்ல ஒன்று, ஊர் திரும்பும்போது வழித்துணை கேட்க ஒன்று, இரண்டுக்கும் அந்த ஒரே இடம்தான். அந்தச் சின்னக் கும்பிடிடம்தான் பிறகு இந்தக் கோயிலாக வளர்ந்தது.

சரி, யார் இந்த மாட்சு?

(பலர் 'மாசு' என்று எழுதுகிறார்கள். தமிழில் அதற்கு வேறு பொருள் வந்துவிடுவதால் நான் மாட்சு என்றே எழுதுகிறேன். ஹொக்கியன் மக்கள் அன்போடு மா சோ போ என்பார்கள், 'போ' என்றால் பாட்டி, மூத்த தாய் என்பது போல.)

மனுஷியாகப் பிறந்து தெய்வமானவர். ஃபூஜியன் கரையில் மெய்சோ தீவில் லின் என்ற குடும்பத்தில், கி.பி. 960இல் பிறந்ததாக மரபு. பிறந்த குழந்தை அழவே இல்லையாம், அதனால் 'மோ', அதாவது மௌனம், என்று பெயர் வைத்தார்கள். மீனவக் குடும்பம் என்பார்கள் சிலர், சிறிய அதிகாரியின் குடும்பம் என்பார்கள் சிலர். எல்லாக் கதைகளிலும் வருகிற ஒரு சம்பவம் உண்டு. அப்பாவும் அண்ணன்மாரும் கடலில் இருக்கும்போது புயல் அடிக்கிறது. வீட்டில் தறியில் உட்கார்ந்திருந்த பெண் அப்படியே மயங்கிவிடுகிறாள், அந்த மயக்கத்திலேயே கடலுக்குப் போய் ஒவ்வொருவராக இழுத்துக் கரை சேர்க்கிறாள். மகளுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பதறிப்போன தாய் தட்டி எழுப்ப, எழுந்த அந்தக் கணத்தில் ஒருவர் மட்டும் கைநழுவிவிடுகிறார். அது அப்பா என்று ஒரு கதை, அண்ணன் என்று இன்னொரு கதை.

எல்லாரையும் காப்பாற்றிவிட்டாள் என்று கதை முடியாதது எனக்கு முக்கியமாகப் படுகிறது. கடலில் ஆளை இழந்தவர்கள் சொன்ன கதை அப்படித்தான் இருக்கும்.

28 வயதில், திருமணம் ஆகாமலே, அவர் வானேறியதாகச் சொல்வார்கள். அதன் பிறகு கடலில் சிவப்பு உடையில் தோன்றி வழிகாட்டினார் என்று மாலுமிகள் சொல்லத் தொடங்க, வழிபாடு ஊர் ஊராகப் பரவியது. நம் பக்கத்திலும் இளவயதில் இறந்துபோன கன்னிப்பெண் குலதெய்வமாகும் வழக்கம் உண்டு என்பதால் தமிழர்களுக்கு இது விளங்குவதில் சிரமமே இல்லை. வித்தியாசம் என்னவென்றால் இந்தக் கிராம தெய்வத்தைச் சீனப் பேரரசர்கள் அடுத்தடுத்துப் பட்டம் கொடுத்து உயர்த்தினார்கள், வான இளவரசி, வானரசி என்று. மாட்சு வழிபாடும் அதன் சடங்குகளும் 2009இல் யுனெஸ்கோவின் மனிதகுலப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்ந்தன.

கடற்படைத் தலைவர் செங் ஹோவும் இந்தத் தெய்வத்தை வணங்கியவர்தான். 1431இல் அவர் நாட்டிய கல்வெட்டு தன் பயணங்கள் பத்திரமாக முடிந்ததற்கு இவருக்கு நன்றி சொல்கிறது. அதே செங் ஹோதான் இலங்கையின் காலியில் கிடைத்த, 1409ஆம் ஆண்டுக்குரிய மும்மொழிக் கல்வெட்டையும் கொண்டுவந்தவர். அதில் ஒரு மொழி தமிழ், இலங்கையின் தென்கோடிக் கோயில் தெய்வமான தெனாவரை நாயனாருக்கான காணிக்கைகளை அது பட்டியலிடுகிறது.

கோயிலை யார் கட்டினார்கள்? பணம் எங்கிருந்து வந்தது?

முன்னின்றவர்கள் இருவர்: டான் டோக் செங், சீ ஹூட் கீ. இருவருமே மலாக்காவில் பிறந்தவர்கள். டான் டோக் செங் காய்கறி, பழம், கோழி விற்றுத் தொடங்கி வணிகராக உயர்ந்தவர். இன்றைக்கு அவர் பெயரில் இருக்கும் மருத்துவமனையை எல்லாருக்கும் தெரியும், 1844இல் ஏழை நோயாளிகளுக்காக அடிக்கல் நாட்டியது அது. இந்தக் கோயிலுக்கு ஆன செலவு சுமார் 30,000 ஸ்பானிய டாலர், அதில் 3,000க்கும் மேல் அவர் ஒருவரே கொடுத்தார், கிட்டத்தட்டப் பத்தில் ஒரு பங்கு. மீதி வணிகர்களும் கப்பல்காரர்களும் சாதாரண ஆட்களும் கொடுத்தது. உள்ளே 1850இல் வைத்த கல்வெட்டு இருக்கிறது, நம் கோயில்களில் உபயதாரர் பெயர்களை வெட்டி வைப்பது போலத்தான். கடல் தாண்டிப் பத்திரமாகக் கொண்டு சேர்த்த தாய்க்கு நன்றியாக எழுப்பியது என்பதையும் அதில் பதிந்திருக்கிறார்கள்.

கல், மரம் எல்லாம் பெரும்பாலும் சீனாவிலிருந்து கப்பலில் வந்தவை, கைவினைஞர்களும் அங்கிருந்து வந்தவர்கள்தான்.

சிலையும் சீனாவிலிருந்து வந்ததா?

ஆமாம், மாட்சுவின் சொந்த ஊரான மெய்சோவிலிருந்து. 1840 ஏப்ரலில், கோயில் வேலை இன்னும் முடியாத நேரத்தில் வந்தது. அன்றைக்கு நடந்த ஊர்வலத்தை அக்கால ஆங்கிலப் பத்திரிகை எழுதி வைத்திருக்கிறது: ஊர்வலத்தின் நீளம் ஏறக்குறைய மூன்றில் ஒரு மைல், ஐந்து முதல் எட்டு வயதுக்குட்பட்ட சிறுமிகள் விதவிதமாக உடுத்தி உயரத்தில் தூக்கி வரப்பட்டார்கள், அம்மன் மஞ்சள் பட்டு போர்த்திய பல்லக்கில், சுற்றிலும் மஞ்சள் அங்கி அணிந்த காவலர்கள். அதற்குப் பின்னும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பெரிய ஊர்வலம் நடந்துவந்தது. 1930களில், வீண் செலவு என்று சமூகத் தலைவர்களே அதை நிறுத்திவிட்டார்கள். அந்தப் பணம் பள்ளிக்கூடங்களுக்குப் போகட்டும் என்று நினைத்த காலம் அது. அவர்கள் எடுத்த முடிவில் நியாயம் இருந்தது, இருந்தாலும் அந்த ஊர்வலத்தைக் கண்ணால் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லையே என்று எனக்கு இருக்கத்தான் செய்கிறது.

இது பௌத்தக் கோயிலா, தாவோ கோயிலா?

இந்தக் கேள்விக்கு ஒரே சொல்லில் பதில் எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். சீன நாட்டார் சமயத்தில் மக்கள் இப்படிப் பிரித்துப் பார்ப்பதே இல்லை. முன்னே மாட்சு, அவர் தாவோ என்ற சீனச் சமய மரபிலும் நாட்டார் மரபிலும் வருபவர். பின்மண்டபத்தில் குவான்யின், அவர் பௌத்தத்தின் கருணைத் தெய்வம். ஒரு பக்கச் சன்னதியில் கன்ஃபூசியஸ், அவர் தத்துவ ஆசிரியர். ஒரே ஊதுபத்திக் கட்டை எடுத்துக்கொண்டு ஒருவர் மூன்று இடத்திலும் கும்பிட்டுவிட்டு வேலைக்குப் போவார். ஐயனாருக்கும் கும்பிட்டு, முருகனுக்கும் நேர்ந்துகொண்டு, வேளாங்கண்ணிக்கும் நாகூருக்கும் போய்வருகிற நம் பாட்டிகளிடம் போய் 'நீங்கள் எந்தப் பிரிவு' என்று கேட்டால் எப்படி இருக்குமோ அப்படித்தான்.

உள்ளே வேறு யார் யார் இருக்கிறார்கள்?

முதன்மை மண்டபத்தில் நடுவில் மாட்சு. ஒரு பக்கம் குவான் கோங், வாய்மைக்கும் வீரத்துக்கும் பேர்போன படைத்தலைவர், வணிகர்களுக்கு மிகவும் வேண்டியவர். இன்னொரு பக்கம் பாவோஷெங் தாதி, அவர் மருத்துவத் தெய்வம், ஃபூஜியனில் உண்மையில் வாழ்ந்த வைத்தியர் என்பார்கள். கடல், வியாபாரம், நோய் என்று புதிதாகக் குடியேறியவனுக்கு இருந்த பயங்கள் மூன்றுக்கும் அங்கேயே ஆள் இருக்கிறது என்று நான் பார்த்துக்கொள்வேன்.

மாட்சுவின் காலடியில் இரண்டு பேரைத் தேடிப் பாருங்கள். ஒருவர் 'ஆயிரம் மைல் கண்', இன்னொருவர் 'காற்றைத் தொடரும் காது'. முன்பு தீய சக்திகளாக இருந்து மாட்சுவிடம் தோற்று அடியாராக ஆனவர்கள். கடலில் எங்கே கப்பல் தத்தளித்தாலும் ஒருவர் பார்ப்பார், ஒருவர் கேட்பார், அம்மனுக்குச் சொல்வார்கள்.

பின்மண்டபத்தில் குவான்யினோடு சூரியனும் சந்திரனும் இருக்கிறார்கள். பக்கச் சன்னதிகளில் நகரக் காவல் தெய்வம், டான் என்ற குடும்பப் பெயர்காரர்களின் மூதாதைத் தெய்வமான கைசாங் ஷெங்வாங் என்று வரிசை நீளும். எல்லாருடைய பெயரையும் மனப்பாடம் செய்ய வேண்டாம், சும்மா சுற்றி வாருங்கள்.

ஆணியே அடிக்காமல் கட்டியதாமே?

அப்படித்தான் சொல்வார்கள். தென்ஃபூஜியன் தச்சு முறையில் உத்திரத்தையும் தூணையும் பொளி வெட்டி ஒன்றுக்குள் ஒன்று கோத்து ஏற்றுவார்கள். அண்ணாந்து பார்த்தால் கூரையின் பாரத்தை அடுக்கடுக்கான மரத் தாங்கிகள் எப்படிப் பங்கு போட்டுக்கொள்கின்றன என்பது கண்ணுக்குத் தெரியும். நான் எல்லாரையும் அண்ணாந்து பார்க்கச் சொல்வேன், ஏனென்றால் இந்தக் கோயிலின் செல்வமெல்லாம் தலைக்கு மேலேதான் இருக்கிறது. தங்கப்பூச்சு, செதுக்கிய பூக்கள், போர்க் காட்சிகள், அப்புறம் கூரை முகட்டில் முத்துக்காக எதிரெதிரே பாயும் இரண்டு டிராகன்கள். முகட்டு உருவங்களில் பளபளப்பது உடைந்த பீங்கான் கிண்ணத் துண்டுகள். அளவாக நறுக்கி ஒட்டுவது அந்த ஊர்க்கலை. கூரையின் இரு முனையும் தகைவிலான் குருவியின் வால் மாதிரி பிளந்து மேலே வளைந்திருக்கும்.

1906இல் பெரிய திருப்பணி நடந்தபோது ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் செய்த இரும்புக் கதவும், ஐரோப்பியப் பூ ஓடுகளும் சேர்ந்தன. சீனத் தூண், ஸ்காட்லாந்து இரும்பு, ஐரோப்பிய ஓடு எல்லாம் ஒரே இடத்தில் இருந்தும் கண்ணை உறுத்துவதில்லை. துறைமுக ஊர்க் கோயில் வேறு எப்படி இருக்கும்? பிறகு 1998 முதல் 2000 வரை நடந்த புனரமைப்புக்கு 2001இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருதுகளில் சிறப்புக் குறிப்பு கிடைத்தது.

உத்திரத்தைத் தாங்குகிற மாதிரி இந்தியர் சிலைகள் இருக்கின்றனவாமே, உண்மையா?

உண்மை. கூரைச் சேர்மானங்களில் சிறிய மனித உருவங்கள் தோள் கொடுத்து உத்திரத்தைச் சுமப்பது போலச் செதுக்கியிருக்கிறார்கள், முக அமைப்பில் இந்தியத் தொழிலாளிகளைப் போல இருப்பார்கள். கோயில் வேலையில் உதவிய இந்தியர்களுக்கு மரியாதையாக வைத்தது என்று இங்கே சொல்வது வழக்கம், நான் கூட்டி வந்தவர்களில் பலர் அந்த இடத்தில்தான் அதிக நேரம் நிற்கிறார்கள்.

நான் இதில் ஒன்றைச் சேர்த்துச் சொல்வேன். ஃபூஜியன் கோயில்களில் கூரை மூலையை அயல்நாட்டுக்காரர் உருவம் ஒன்று தாங்குவது பழைய வழக்கம், தைவான் கோயில்களிலும் பார்க்கலாம். ஆகவே அந்த வடிவம் தச்சர்களோடு கப்பலில் வந்தது. ஆனால் அதற்கு என்ன முகம் வைப்பது என்று வரும்போது அவர்கள் தங்கள் கண்ணெதிரே நடமாடிய முகங்களை வைத்தார்கள் என்று நினைக்கிறேன், தெலுக் ஆயர் கரையில் அப்போது நடமாடியவர்களில் சோழமண்டலக் கரைக்காரர்கள் நிறைய. அடுத்த கேள்விக்கான பதிலைப் படித்தால் ஏன் என்பது புரியும்.

பக்கத்திலேயே நாகூர் தர்கா இருக்கிறதே, அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

சம்பந்தம் கடல்தான். தெருவின் 140ஆம் எண் நாகூர் தர்கா, 158 தியான் ஹொக் கெங், 192 அல் அப்ரார் பள்ளிவாசல். சீனக் கோயிலின் இரு பக்கமும் தமிழ் முஸ்லிம்கள் எழுப்பிய இடங்கள்.

தர்காவைக் கட்டியவர்கள் சூலியாக்கள், நாகூர், நாகப்பட்டினம், காரைக்கால் பக்கக் கரையிலிருந்து கப்பலில் வந்த வணிகர்களும் தொழிலாளிகளும். 1828இல் தொடங்கி 1830இல் முடித்தார்கள். நாகூரில் அடங்கியிருக்கும் ஷாஹுல் ஹமீது ஆண்டகையின் நினைவாக எழுப்பிய இடம், இப்போது இந்திய முஸ்லிம் மரபு நிலையமாக இருக்கிறது. நாகூர் ஆண்டவரும் கப்பல்காரர்களின் காவலர்தானே! ஓட்டை விழுந்து மூழ்க இருந்த கப்பலை, நாவிதரிடம் உட்கார்ந்திருந்த ஆண்டகை கையிலிருந்த கண்ணாடியை வீசி அடைத்துக் காப்பாற்றிய கதையை நாகூர்ப் பக்கம் எல்லாரும் சொல்வார்கள். வீட்டில் உட்கார்ந்தபடியே தூரக் கடலில் தத்தளிப்பவரை மீட்பது, மெய்சோ பெண்ணின் கதையும் அதேதான். வெவ்வேறு கடலில், வெவ்வேறு மொழியில், ஒருவரை ஒருவர் அறியாமலேயே ஒரே கதையைச் சொல்லிக்கொண்டிருந்தவர்கள் ஒரே கரையில் வந்து இறங்கி, நடக்கிற தூரத்தில் கட்டடம் எழுப்பினார்கள்.

அல் அப்ரார் பள்ளிவாசலுக்குக் குச்சுப் பள்ளி என்று பெயர் இருந்தது. குச்சு என்றால் குடிசை என்று உங்களுக்கே தெரியும். 1827இல் கூரை வேய்ந்த குடிசையாகத்தான் தொடங்கினார்கள், 1850களில் செங்கல் கட்டடமாக மாற்றினார்கள். அந்தத் தமிழ்ப் பெயரை ஆங்கில எழுத்தில் அங்கே பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு நிறைந்துவிடும்.

இன்னொரு செய்தி: சௌத் பிரிட்ஜ் சாலை ஸ்ரீ மாரியம்மன் கோயிலுக்கும் முதலில் ஒதுக்கிய இடம் இதே தெலுக் ஆயர் தெருவில்தான். அபிஷேகத்துக்கு நல்ல தண்ணீர் வசதி இல்லை என்று அக்காலத் தமிழ்ச் சமூகத் தலைவர் நாராயண பிள்ளை வேறு இடம் கேட்டு, கடைசியில் 1827இல் இப்போதைய இடத்தில் கோயில் எழும்பியது. இல்லாவிட்டால் மாரியம்மனும் மாட்சுவும் ஒரே தெருக்காரர்களாக இருந்திருப்பார்கள்.

சீனப் பேரரசர் பலகை கொடுத்தாராமே?

கொடுத்தார். 1907இல் குவாங்ஷு பேரரசர் பெயரில் வந்தது, நான்கே எழுத்துகள், 'தென்கடலில் அலைகள் அடங்கின' என்று பொருள் கொள்ளலாம். மாட்சுவின் அருளைச் சொல்லும் வரி. அந்த நேரத்தில் சீனாவில் பேரரசே ஆட்டம் கண்டிருந்தது, நாலைந்து வருடத்தில் விழுந்தும் விட்டது. வெளிநாட்டில் காசு சேர்த்த சீனர்களின் ஆதரவு அரசவைக்குத் தேவைப்பட்ட காலம் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கோயில்காரர்களுக்கு அது பெரிய கௌரவம், கூலிகளாகக் கிளம்பி வந்தவர்களின் கோயிலுக்கு அரண்மனையே எழுதி அனுப்புகிறது என்றால் சும்மாவா.

கும்பிடுவதற்கு மட்டும்தான் இந்த இடமா?

இல்லவே இல்லை. ஹொக்கியன் குலமரபுச் சங்கமான ஹொக்கியன் ஹுவே குவான் 1840இல் இந்தக் கோயிலிலிருந்துதான் தொடங்கியது, பல பத்தாண்டுகள் இங்கிருந்தே இயங்கியது, இன்றும் கோயிலை நடத்துவது அவர்கள்தான். வேலை தேடி வந்தவனுக்கு ஊர்க்காரர்களைக் காட்டிவிடுவது, சண்டை வந்தால் தீர்த்துவைப்பது, திருமணம் நடத்திச் சான்றிதழ் கொடுப்பது, இறந்தவர்களை அடக்கம் செய்ய இடம் பார்ப்பது எல்லாம் இங்கேதான். அரசாங்கம் செய்யாத வேலைகளை இந்த முற்றத்தில் உட்கார்ந்து பெரியவர்கள் செய்தார்கள்.

பக்கத்திலேயே கோபுரம் போல எழும்பும் சோங் வென் கெ 1849 முதல் 1852 வரை கட்டியது, எழுத்தையும் கல்வியையும் போற்றுவதற்கான இடம். 1912இல் ஐ டோங் பள்ளியும், 1915இல் பெண் பிள்ளைகளுக்கான சோங் ஹொக் பள்ளியும் இந்த வளாகத்தை ஒட்டித்தான் தொடங்கின, இரண்டும் வேறு இடங்களுக்கு மாறி இன்றும் நடக்கின்றன. மறுபக்கம் இருப்பது கெங் டெக் வே, மலாக்காவிலிருந்து வந்த 36 வணிகர்கள் 1831இல் ஒருவர் குடும்பத்தை ஒருவர் பார்த்துக்கொள்வதாக ஏற்படுத்திக்கொண்ட சங்கத்தின் இடம். இப்போது தாவோ கோயிலாக இருக்கிறது.

நாங்கள் உள்ளே போகலாமா? செருப்பைக் கழற்ற வேண்டுமா?

தாராளமாகப் போகலாம், கட்டணம் கிடையாது, எந்த மதம் என்று யாரும் கேட்க மாட்டார்கள். செருப்பைக் கழற்ற வேண்டியதில்லை, நம்மவர்களுக்கு அதுதான் கூச்சமாக இருக்கும். ஆனால் வாசற்படி விஷயத்தில் நம் வீட்டுப் பாட்டி சொன்னதை அப்படியே பின்பற்றுங்கள்: மிதிக்காமல் தாண்டிப் போங்கள். படி வேண்டுமென்றே உயரமாக வைத்திருப்பார்கள், காலைப் பார்த்துக் குனிந்து நுழையும்போது தெய்வத்துக்குத் தானாகவே தலை வணங்கிவிடும் என்பார்கள்.

கோயிலைப் பார்த்து நிற்கும்போது உங்கள் வலப்பக்கக் கதவு டிராகன் பக்கம், அதில் நுழைந்து இடப்பக்கமான புலிப் பக்கத்தில் வெளியே வருவது மரபு. வாசலில் இரண்டு கல் சிங்கங்கள்: பந்து வைத்திருப்பது ஆண், குட்டி வைத்திருப்பது பெண். கும்பிடுகிறவர்களுக்கும் சன்னதிக்கும் நடுவே புகுந்து படம் எடுக்காதீர்கள். மதுரையிலோ நாகூரிலோ யாராவது அப்படிச் செய்தால் நமக்கு எப்படி இருக்கும்?

தரையில் இரண்டு சிவப்பு மரத்துண்டுகளைப் போடுகிறார்களே, அது என்ன?

நாம் பூக்கட்டிப் பார்ப்போம் இல்லையா, அதுதான். பிறை வடிவத்தில் ஒரு பக்கம் தட்டையாகவும் ஒரு பக்கம் புடைத்தும் இருக்கும் இரண்டு துண்டுகள். மனதில் கேள்வியை வைத்து, பெயர் முகவரி எல்லாம் தெய்வத்திடம் சொல்லிவிட்டு, கீழே போட வேண்டும். ஒன்று தட்டையாகவும் ஒன்று புடைத்தும் விழுந்தால் உத்தரவு கிடைத்துவிட்டது. இரண்டும் புடைத்த பக்கம் மேலே தெரிய விழுந்தால் இல்லை என்று பொருள். இரண்டும் தட்டையாக விழுந்தால் அம்மன் சிரிக்கிறாள், கேள்வியைத் தெளிவாகக் கேள் என்கிறாள்.

மூங்கில் குடுவையில் எண் போட்ட குச்சிகளைக் குலுக்குவதும் உண்டு. ஒரு குச்சி மட்டும் எகிறி விழும்வரை குலுக்கி, இதுதானா என்று மரத்துண்டு போட்டு உறுதிசெய்துகொண்டு, அந்த எண்ணுக்கான பாடல் சீட்டை எடுத்துப் படிப்பார்கள். வயதானவர்கள் மட்டும்தான் செய்வார்கள் என்று நினைக்காதீர்கள்; மதியச் சாப்பாட்டு நேரத்தில் அலுவலக அட்டை கழுத்தில் தொங்க மண்டியிட்டுக் குலுக்கும் இளம்பிள்ளைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

எப்போது போனால் நல்லது?

அமைதியாகப் பார்க்க வேண்டுமென்றால் வார நாளில் காலை. மாலையிலேயே கோயிலை மூடிவிடுவார்கள், இரவு போகலாம் என்று நினைத்துவிடாதீர்கள். கூட்டத்தோடு பார்க்க வேண்டுமென்றால் சீன மாதத்தின் முதல் நாள், பதினைந்தாம் நாள், சீனப் புத்தாண்டு. மாட்சுவின் பிறந்தநாள் சீன நாட்காட்டியில் மூன்றாம் மாதம் 23ஆம் நாள், பெரும்பாலும் ஏப்ரலிலோ மே மாதத்திலோ வரும்.

ஒரு மணி நேரம்தான் இருக்கிறது, எந்த வழியில் நடப்பது?

நாகூர் தர்காவிலிருந்து தொடங்குங்கள், அந்தச் சின்ன மினாராக்களை வெளியிலிருந்தாவது நின்று பாருங்கள். அங்கிருந்து கோயில், அதற்குப் பாதி நேரத்தை ஒதுக்குங்கள், உத்திரம் தாங்குகிறவர்களைத் தேடிப் பிடிக்கவே கொஞ்ச நேரம் ஆகும். வெளியே வந்து அதே தெருவில் குச்சுப் பள்ளி வரை நடந்துவிட்டு, சுற்றிக்கொண்டு அமோய் தெருவுக்கு வாருங்கள். கோயிலின் பின்சுவரில் ஓவியர் யிப் யூ சோங் 2017இல் வரைந்த 44 மீட்டர் நீள ஓவியம் இருக்கிறது, ஹொக்கியன் மக்கள் ஊரை விட்டுக் கிளம்பியதிலிருந்து இங்கே பிழைத்து வாழ்ந்தது வரை. வலக்கோடியிலிருந்து பார்த்துக்கொண்டு வாருங்கள், கதை அங்கிருந்துதான் தொடங்குகிறது.